பத்துப் பேரில் எழுவர்: ஹெர்ப்பிஸ் மூளையழற்சி மருந்தின் வரலாறு

ஹெர்ப்பிஸ் சிம்ப்ளெக்ஸ் வைரசு பெரும்பாலோர்க்கு உதட்டோரக் கொப்புளமாக வந்து மறைவது. அரிதாக அதுவே மூளையைத் தாக்கினால், சிகிச்சையின்றி 100 பேரில் ஏறத்தாழ 70 பேர் இறப்பர். இந்நிலையை மாற்றிய வரலாறு ஒரு தோல்வியில் தொடங்குகிறது.

1959இல் வில்லியம் புருசாஃப் உருவாக்கிய ஐடாக்சியூரிடின், 1962இல் ஹெர்பர்ட் காஃப்மனின் ஆய்வுகளால் கருவிழி ஹெர்ப்பிஸுக்குச் சொட்டு மருந்தாயிற்று. கண்ணில் பலித்தது மூளையிலும் பலிக்கும் என நம்பிய மருத்துவர்கள் அதைச் சிரைவழியே செலுத்தினர். பிழைத்தோரைச் சான்றாகக் காட்டினர். ஆனால் மருந்தின்றியும் சிலர் பிழைக்கும் நோயில் அது சான்றாகுமா? முறையான ஆய்வின் முடிவு 1975இல் வெளிவந்தது: மருந்து நோயை வெல்லவில்லை, எலும்பு மஜ்ஜையை ஒடுக்கி நோயாளிகளுக்குத் தீங்கே விளைத்தது.

அடுத்து வந்த விடாரபைன், புற்றுநோய்க்கென உருவாக்கப்பட்டது. இம்முறை ரிச்சர்டு விட்லியின் குழுவினர் ஒப்பீட்டை முதலிலேயே வைத்தனர்: ஒரு சாராருக்கு மருந்து, மறு சாராருக்கு மருந்தற்ற கரைசல். 1977இல் வெளியான முடிவின்படி, மூளைத் திசு ஆய்வால் நோய் உறுதியானவர்களுள் மருந்து பெற்ற 18 பேரில் ஐவர் இறந்தனர்; பெறாத 10 பேரில் எழுவர் இறந்தனர். அதன்பின் எவருக்கும் வெறுங்கரைசல் தருவது அறமாகாது என்றாயிற்று.

எனினும் விடாரபைன் நீரில் எளிதில் கரையாது. வீங்கிய மூளையுடைய நோயாளிக்கு மிகுதியான திரவம் ஏற்ற வேண்டியிருந்தது. இக்குறையைத் தீர்த்தது, ஹோவர்டு ஷாஃபர், கெர்ட்ரூட் எலியன் ஆகியோரின் ஆய்வில் பிறந்த அசைக்ளோவிர். வைரசின் சொந்த நொதியே இதனைச் செயலூட்டும் முதல் படியை நிகழ்த்துகிறது. ஆகவே தொற்றில்லாத உயிரணுக்களுக்குத் தீங்கு குறைவு. இதனை விடாரபைனுடன் ஒப்பிட்டதில், 1984இல் சுவீடன் ஆய்வு இறப்பு 50 விழுக்காட்டிலிருந்து 19ஆகவும், 1986இல் அமெரிக்க ஆய்வு 54இலிருந்து 28ஆகவும் குறைந்ததைக் காட்டின. 1988இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட எலியன், முனைவர் பட்டப் படிப்பை முடித்தவர் அல்லர்.

உணர்வு மங்குமுன் மருந்து பெற்றோரே நன்கு தேறினர் என்பதையும் இவ்வாய்வுகள் உணர்த்தின. அதனால்தான் இன்று, ஐயம் எழுந்தவுடனேயே, சோதனை முடிவுக்குக் காத்திராமல், 8 மணிக்கொரு முறை அசைக்ளோவிர் சிரைவழி ஏற்றப்படுகிறது. அந்தத் துணிவுக்குப் பின்னால், மருந்தற்ற கரைசலைப் பெற்று மாண்ட எழுவரும் இருக்கின்றனர்.