இரண்டாம் உலக யுத்தமும் நாம் வாழும் மண்ணும்

பிழைப்பை நாடித் தென்னகத்திலிருந்து வந்து, கரக்பூர் ரயில்வே காலனியில் தலைமுறை தலைமுறையாய் வாழ்ந்து வரும் நாம், இவ்வூரைச் சம்பள ஊர் என்று மட்டுமே கருதிவிடுகிறோம். ஆயின் இம்மண்ணுக்கும் ஒரு சரித்திரம் உண்டு. அதனை இவ்வாண்டு விழா மலர் வாயிலாக நம் பிள்ளைகளுக்கு எடுத்துரைத்தல் நம் கடமையென எண்ணுகிறோம்.

1939 செப்டம்பர் 3-ஆம் நாள், பாரதமும் யுத்தத்தில் இறங்கிவிட்டதென வைஸ்ராய் லின்லித்கோ பிரபு அறிவித்தார். தேசத் தலைவர்களை அவர் கலந்தாலோசிக்கவில்லை. அதனைக் கண்டித்துக் காங்கிரஸ் மந்திரிசபைகள் பதவி துறந்தன. எனினும் தொடக்கத்தில் ஏறக்குறைய 2 லட்சமாயிருந்த இந்திய சேனை, 1945-இல் 25 லட்சத்தை எட்டிற்று. கட்டாய ஆள் சேர்ப்பு இல்லை. சிலர் வீரத்தை நாடியும், பலர் வயிற்றுப் பிழைப்பை நாடியும் சேர்ந்தனர். எரித்திரியாவில் கெரன், இத்தாலியில் கசீனோ, நாகர் மலையில் கோஹிமா ஆகிய களங்களில் அவர்கள் போரிட்டனர். மதராஸ் சாப்பர்ஸ் படையைச் சேர்ந்த சுபேதார் சுப்பிரமணியம், 1944 பிப்ரவரியில் இத்தாலியில், வெடிக்கவிருந்த கண்ணிவெடியின் மீது தாமே விழுந்து தோழர்களைக் காத்து உயிர் நீத்தார். மறைவுக்குப்பின் அவருக்கு ஜார்ஜ் கிராஸ் விருது அளிக்கப்பட்டது. அந்த யுத்தத்தில் மாண்ட இந்திய வீரர் ஏறத்தாழ 87,000 பேர்.

இனி உள்நாட்டு நிலையைக் காண்போம். 1942 மார்ச்சில் ரங்கூன் வீழ்ந்ததும் பர்மா அரிசி வரவு நின்றது. ஜப்பானியருக்குப் பயன்பட்டுவிடலாகாது என்று, வங்கக் கரையோரத்தில் பத்துப் பேருக்கு மேல் ஏறக்கூடிய படகுகளை அரசாங்கம் அப்புறப்படுத்திற்று. மீனவரும் சிறு வியாபாரிகளும் தொழிலிழந்தனர். அவ்வாண்டு செப்டம்பர் 29-இல், அன்றைய மேதினிபூர் மாவட்டத்துத் தாம்லூக்கில், தேசியக் கொடியேந்தி நடந்த மூதாட்டி மாதங்கினி ஹஸ்ரா சுட்டுக் கொல்லப்பட்டார். அக்டோபர் 16-இல் இம்மாவட்டத்தின் கடற்கரையைப் பெரும்புயல் தாக்கிற்று. பயிரும் கால்நடையும் அழிந்தன. விலைவாசி ஏழைக்கு எட்டாத உயரம் சென்றது. லண்டன் மந்திரிசபையோ தானியம் கொணர வேண்டிய அளவு கப்பல்களை ஒதுக்கவில்லை. 1943-இன் பஞ்சத்திலும், அதனைத் தொடர்ந்த நோய்களிலும் வங்கத்தில் 30 லட்சம் பேர் வரை மாண்டனர் என ஆய்வாளர் கணிப்பர்.

ஓர் உண்மையை நாம் மறைத்தல் ஆகாது. யுத்தப் பணிக்கு இன்றியமையாதோர் என்று, ரயில்வே ஊழியருக்குத் தனித் தானியக் கடைகள் நடத்தப்பட்டன. நமக்கு முன் இங்கு பணி புரிந்தோர் அதனால் உண்டனர். அண்டைக் கிராமத்தார் பட்டினி கிடந்தனர். இது நம் முன்னோர் செய்த குற்றமன்று. எனினும் அவர்கள் உண்ட சோறு எவருக்குக் கிட்டாத சோறு என்பதை நாம் அறிந்திருத்தல் வேண்டும்.

பஞ்சத்தின் சுவடு மறையுமுன்னரே, 1944-இல் அமெரிக்க விமானப்படை இங்கு வந்திறங்கிற்று. தேசபக்தர்களை அடைத்து வைத்திருந்த ஹிஜ்லி முகாம் அதன் தலைமையகமாயிற்று. அவ்வாண்டு ஜூன் 5-இல் இப்பகுதியினின்று பறந்த பெரும் குண்டு விமானங்கள் பாங்காக்கைத் தாக்கின. அதே ஹிஜ்லிக் கட்டடத்தில்தான் 1951-இல் நாட்டின் முதல் ஐ.ஐ.டி. தொடங்கிற்று.

யுத்தம் முடிந்தபோது, பிரிட்டன் நமக்குத் தரவேண்டிய கடன் ஏறத்தாழ 130 கோடி பவுன் என்று ஏடுகளில் பதிவாயிற்று. பணக்கணக்கு பின்னர் பேசித் தீர்க்கப்பட்டது. பசியால் மாண்டோரின் கணக்கை எந்த ஏட்டில் எழுதுவது? களத்தில் வீழ்ந்தோருக்குக் கோஹிமாவில் கல்லறைகள் உண்டு. வழியோரத்தில் வீழ்ந்தோரில் பெரும்பாலோருக்குப் பெயரும் எஞ்சவில்லை.

ஆதலின் அன்பர்களே, நம் பிள்ளைகளை ஹிஜ்லிக்கு அழைத்துச் செல்லுங்கால், விமானங்களின் கதையோடு நில்லாமல், தாம்லூக் மூதாட்டியின் கதையையும், அன்று அடுப்பெரியாத அண்டை வீடுகளின் கதையையும் சேர்த்துச் சொல்வோமாக. நமக்கு வாழ்வளித்த மண்ணை அறிந்து வாழ்தலே அதற்கு நாம் செலுத்தும் நன்றியாகும்.