ஆப்பில் ஹோட்டல் ரூமுக்கு அதிகம் கட்டினீர்களா? நஷ்டஈடு எங்கே கேட்கலாம்?

பொங்கலுக்கு ஊருக்குப் போகும் வழியில் மதுரையில் ஓர் இரவு தங்க வேண்டும். செம்பூரில் ஆபீஸ் முடிந்து வீடு திரும்பும் ஆட்டோவிலேயே ஆப்பைத் திறக்கிறீர்கள். ரூம் 3,000 ரூபாய். இன்னொரு ஆப்பிலும் அதே விலை. ஹோட்டலின் சொந்த இணையதளத்திலும் அதேதான். 'சரி, இதுதான் மார்க்கெட் ரேட் போல' என்று பணத்தைக் கட்டிவிடுவீர்கள். ஆனால் எல்லா இடத்திலும் ஒரே விலை இருப்பதற்கு ஓர் ஒப்பந்தமும் காரணமாக இருக்கலாம்.

அதற்குப் பெயர் 'விலைச் சமநிலை' நிபந்தனை. ஆப் நிறுவனம் ஹோட்டலிடம் கமிஷன் வாங்குகிறது. கமிஷன் இல்லாத தன் சொந்தத் தளத்தில் ஹோட்டல் 2,700 ரூபாய்க்குக் கொடுத்தாலும் அதற்கு நஷ்டமில்லை என்று வைத்துக்கொள்வோம். 'எங்களைவிடக் குறைந்த விலையில் வேறெங்கும் விற்கக் கூடாது' என்று ஒப்பந்தம் சொன்னால், அந்த 300 ரூபாய் குறைப்பு உங்கள் கண்ணில் படவே படாது.

இந்தியாவில் இது நடந்ததா?

நடந்தது என்றுதான் இந்தியப் போட்டி ஆணையம் சொன்னது. ஹோட்டல், உணவக உரிமையாளர்களின் கூட்டமைப்பு கொடுத்த புகாரில் 2022 அக்டோபர் 19 அன்று உத்தரவு வந்தது. மேக்மைட்ரிப்-கோஐபிபோவுக்கு 223.48 கோடி, ஓயோவுக்கு 168.88 கோடி ரூபாய் அபராதம். ஹோட்டல்களுடனான ஒப்பந்தங்களிலிருந்து விலைச் சமநிலை நிபந்தனையை நீக்கும்படியும் மேக்மைட்ரிப்புக்குச் சொல்லப்பட்டது. ஓயோவுக்குச் சலுகை கொடுத்து அதன் போட்டியாளர்களை ஒதுக்கியது வழக்கின் இன்னொரு பகுதி. இரண்டு நிறுவனங்களும் மேல்முறையீட்டுக்குப் போயின.

அந்த அபராதத்தில் உங்களுக்கு என்ன வரும்?

ஒரு பைசாவும் வராது. அபராதம் அரசின் கணக்குக்குப் போகிறது. பாதிக்கப்பட்டவர் நஷ்டஈடு கேட்கப் போட்டிச் சட்டத்தில் 53-என் என்ற பிரிவு இருக்கிறது. டெல்லியில் உள்ள தேசிய நிறுவனச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு போட வேண்டும். ஒரே பாதிப்பு உள்ள பலர் சேர்ந்தும் போடலாம். ஆனால் அந்த நிபந்தனை இல்லாமல் இருந்திருந்தால் உங்கள் ரூம் எவ்வளவுக்குக் கிடைத்திருக்கும் என்று நீங்கள் காட்ட வேண்டும். 300 ரூபாய்க்காக யார் அவ்வளவு மெனக்கெடுவார்கள்?

ஐரோப்பாவில் இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறார்கள். இத்தகைய நிபந்தனைகள் போட்டிச் சட்டத்தின் வரம்புக்கு வெளியே இல்லை என்று புக்கிங்.காம் வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் 2024 செப்டம்பரில் சொன்னது. அடுத்த ஆண்டே நெதர்லாந்தின் நுகர்வோர் சங்கமான கன்சூமென்டன்பாண்ட், ரூமுக்கு அதிகம் கட்டியவர்களைத் திரட்டி நஷ்டஈடு கோரிக்கையைத் தொடங்கியது. சின்னத் தொகைகள் கூட்டாகச் சேர்ந்தால்தான் கனம் பெறும். நம் சட்டத்திலும் கதவு இருக்கிறது, திரட்டத்தான் ஆளில்லை.

அப்படியானால் ஒன்றும் செய்ய முடியாதா?

உங்கள் பில்லில் நேரடியாக நடந்த ஏமாற்று என்றால் முடியும். முதலில் 3,000 என்று காட்டி, கடைசித் திரையில் 'வசதிக் கட்டணம்' சேர்ப்பது. கேட்காமலேயே இன்ஷூரன்ஸையோ நன்கொடையையோ டிக் செய்து வைப்பது. ரூம் நிறைய இருக்கும்போதே 'ஒரே ஒரு ரூம்தான் பாக்கி' என்று அவசரப்படுத்துவது. 2023 நவம்பர் 30-ல் அறிவிக்கப்பட்ட வழிகாட்டுதல்கள் தடை செய்த 13 ஏமாற்று உத்திகளில் இவையெல்லாம் அடங்கும்.

முதலில் அந்த நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்தில் புகார் கிடைத்ததென்று பதில் தர வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். 2020 மின்வணிக விதிகள் அப்படித்தான் சொல்கின்றன. நகரவில்லையா, 1915-க்கு போன் போடுங்கள். தமிழிலும் பேசலாம்.

அதற்கும் மசியாவிட்டால் நுகர்வோர் ஆணையம். நிறுவனம் குருகிராமில் இருக்கிறது என்று தயங்க வேண்டாம். 2019 சட்டப்படி நீங்கள் வசிக்கும் அல்லது வேலை செய்யும் இடத்திலேயே வழக்குப் போடலாம். மும்பைத் தமிழர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும்: தாராவியும் மாட்டுங்காவும் மும்பை நகர மாவட்டம், செம்பூர் மும்பை புறநகர் மாவட்டம். வீடு தாராவி, ஆபீஸ் செம்பூர் என்றால் இரண்டில் எது வசதியோ அதைத் தேர்ந்தெடுக்கலாம். இ-ஜாக்ரிதி தளத்தில் ஆன்லைனிலேயே மனு போடலாம். கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. கம்பெனி செலவில் போன பயணமாக இருந்தால் 'வணிக நோக்கம்' என்று எதிர்த்தரப்பு மடக்கப் பார்க்கும். சொந்தப் பயணத்துக்குத்தான் பலம் அதிகம்.

எல்லாவற்றுக்கும் ஆதாரம் வேண்டும். முதல் திரையில் காட்டிய விலை, கடைசித் திரையில் வந்த விலை, அதே நேரத்தில் ஹோட்டல் தளத்தில் இருந்த விலை என மூன்றையும் தேதி, நேரம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். பணம் கட்டிய பிறகு அந்த முதல் திரை திரும்பக் கிடைக்காது. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மனு போட்டாக வேண்டும்.