எண்முறைக் கணிப்பும் இயற்பியலும்: லாஸ் அலமாஸ் கணிப்பு (1953–1955) ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

சூத்திரத்தால் தீர்க்க இயலாத இயற்பியல் சிக்கல்களை எண்களைக் கொண்டு படிப்படியாகத் தீர்க்கும் முறை கணினிக்கு முந்தையது. 1759-இல் திரும்பிய ஹாலி வால்மீனின் வருகையைக் கிளேரோ, லாலாந்து, நிக்கோல் லெப்போத் ஆகியோர் மாதக்கணக்கில் கையால் கணித்தனர். அறிந்த விதியிலிருந்து விடை பெறுவதே அக்கணிப்பின் நோக்கம். கணினியின் வரவுக்குப் பின்னர்க் கணிப்பு, கோட்பாட்டு எதிர்பார்ப்பையே சோதிக்கும் கருவியாயிற்று. இம்மாற்றத்திற்கு வழிவகுத்த லாஸ் அலமாஸ் கணிப்பையும், அதில் நிரலாளரின் பங்கு மதிப்பிடப்பட்ட முறையையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

சிக்கலும் முறையும்

அமெரிக்காவின் லாஸ் அலமாஸ் ஆய்வகத்தில் மேனியாக் கணினி 1952-இல் இயங்கத் தொடங்கியது. என்ரிக்கோ ஃபெர்மி, ஜான் பாஸ்தா, ஸ்டானிஸ்லாவ் உலாம் ஆகியோர் அதனைக் கொண்டு அடிப்படை வினா ஒன்றை ஆராய முற்பட்டனர். சுருள்வில்களால் பிணைக்கப்பட்ட துகள் வரிசையில், விசையானது நீட்சியின் நேர்விகிதத்திலிருந்து சற்றே விலகுமாயின், ஓர் அலைவுப் பாங்கிற்கு அளிக்கப்பட்ட ஆற்றல் என்னவாகும்? அது நாளடைவில் எல்லாப் பாங்குகளுக்கும் பரவும் என்பதே எதிர்பார்ப்பு.

காலத்தைச் சிறு கூறுகளாகப் பகுத்து, ஒவ்வொரு கூறிலும் அண்டைத் துகள்களின் இடப்பெயர்ச்சியைக் கொண்டு விசையைக் கண்டு, அடுத்த நிலையைக் கணிப்பதே கையாளப்பட்ட முறை. இத்தகைய முறையில் கூறு பெரிதானால் பிழை பெருகும். சிறிதானால் கணிப்பு நேரம் நீளும்.

விளைவு

32 துகள்களைக் கொண்ட ஒரு கணிப்பு ஏறத்தாழ 30,000 சுழற்சிகள் வரை நிகழ்த்தப்பட்டது. ஆற்றல் சில பாங்குகளுக்குப் பரவிய பின்னர், சில விழுக்காட்டு வேறுபாட்டிற்குள் முதற் பாங்கிற்கே மீண்டது. கணிப்பை முன்னரே நிறுத்தியிருப்பின் பரவல் மட்டுமே புலப்பட்டிருக்கும். எதிர்பார்ப்பு மெய்ப்பட்டதாகவே கொள்ளப்பட்டிருக்கும். இம்மீள்வை விளக்க முற்பட்ட சபுஸ்கியும் குருஸ்கலும் 1965-இல் ‘சாலிட்டான்’ என்னும் கருத்தாக்கத்தை முன்வைத்தனர்.

நிரலாளரின் பங்கு

ஃபெர்மி 1954 நவம்பரில் மறைந்தார். அறிக்கை 1955 மே மாதத்தில் அமைந்தது. அதன் முகப்பு, பணியைச் செய்தவர் நால்வர் என்றும், அறிக்கையை எழுதியவர் மூவர் என்றும் பிரித்துக் காட்டுகிறது. நான்காமவர் மேரி சிங்கூ. நிரலெழுதிக் கணினியை இயக்கியமைக்காக அவருக்கு அடிக்குறிப்பொன்றில் நன்றி கூறப்பட்டுள்ளது. பின்வந்த ஆய்வுலகம் எழுதிய மூவர் பெயராலேயே இக்கணிப்பை வழங்கிற்று. 1972-இல் ஜேம்ஸ் டக்குடன் இணைந்து, மென்செல் என்னும் மணவழிப் பெயரில், சிங்கூ இக்கணிப்பை மேலும் நெடுங்காலத்திற்கு நீட்டித்தார். 2008-இல் தியரி டோஷுவா அவர் பெயரையும் சேர்த்து வழங்க வேண்டுமென வலியுறுத்தினார்.

முடிவுரை

கணிப்பே சோதனையாகும் இடத்தில் நிரலெழுதுதல் சோதனைக் கருவியை உருவாக்குவதற்கு ஒப்பானது. அதனைத் துணைப்பணியாகக் கருதியமையே அறிக்கை முகப்பில் ‘செய்தவர்’, ‘எழுதியவர்’ என்னும் பிரிவாக வெளிப்பட்டது எனலாம். ஆகவே, கணிப்பியற்பியலின் வரலாற்றை எழுதுவோர் நூலாசிரியர் பெயர்களோடு நில்லாது, அறிக்கைகளின் முகப்பையும் அடிக்குறிப்பையும் முதன்மைச் சான்றுகளாகக் கொள்ளுதல் இன்றியமையாதது.