டோபமைன்: சந்தோஷமா, ஆசையா?

பரீட்சை நெருங்கும். புத்தகமும் கையில் இருக்கும். மனசு மட்டும் வராது. கேட்டால் "டோபமைன் கம்மி" என்கிறோம். அதற்கு 'மகிழ்ச்சி ரசாயனம்' என்ற பட்டம் வேறு! இந்தப் பட்டம் எப்படி வந்தது, எப்படிப் போனது என்று கொஞ்சம் பார்ப்போம்.

1910-ல் லண்டனில் டோபமைனை முதன்முதலாகத் தயாரித்தார்கள். அதன் பிறகு நெடுங்காலம் அதை யாரும் பெரிதாக மதிக்கவில்லை. அட்ரினலின் உருவாகும் வழியில் வந்துபோகும் ஒரு பொருள், அவ்வளவுதான் என்று நினைத்தார்கள்.

1957-ல் ஸ்வீடனைச் சேர்ந்த ஆர்விட் கார்ல்சன் முயல்களுக்கு ரெசர்பைன் என்ற மருந்தைக் கொடுத்தார். (இது நம் நாட்டு சர்ப்பகந்தா மூலிகையிலிருந்து வந்த மருந்து.) முயல்கள் அசையாமல் கிடந்தன. பிறகு, உடலுக்குள் டோபமைனாக மாறும் எல்-டோபா என்ற பொருளைச் செலுத்தினார். சிறிது நேரத்தில் எழுந்து நடமாட ஆரம்பித்துவிட்டன! பார்க்கின்சன் நோய்க்கான சிகிச்சைக்கு வழி திறந்தது இங்கேதான். கார்ல்சனுக்கு 2000-ல் நோபல் பரிசு கிடைத்தது.

இதற்கு முன்பே, 1954-ல், கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஓல்ட்ஸ், பீட்டர் மில்னர் இருவரும் எலிகளின் மூளையில் மெல்லிய கம்பியைப் பொருத்தியிருந்தார்கள். விசையை அழுத்தினால் மூளைக்குள் லேசான மின்சாரம் பாயும். எலிகள் திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டே இருந்தன. 'மகிழ்ச்சி மையம்' என்ற பெயர் பரவியது. இதில் டோபமைனுக்குப் பங்குண்டு என்று பின்னாளில் தெரிந்ததும், அதுதான் மகிழ்ச்சி என்று பலர் முடிவு கட்டினார்கள்.

1989-ல் வந்தது திருப்பம். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் கென்ட் பெரிட்ஜ் குழுவினர், டோபமைன் அழிக்கப்பட்ட எலிகளைக் கவனித்தார்கள். உணவு பக்கத்திலேயே இருந்தாலும் அவை தாமாகச் சாப்பிடாது. ஆனால் வாயில் சர்க்கரைத் தண்ணீரை விட்டால், மற்ற எலிகளைப் போலவே நாக்கைச் சப்புக்கொட்டி ரசித்தன! ரசனை அப்படியே இருந்தது. தேடிப் போகும் வேகம்தான் போய்விட்டது.

வோல்ஃப்ராம் ஷூல்ட்ஸ் குரங்குகளிடம் கண்டது இன்னும் சுவாரசியம். எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தால் டோபமைன் செல்கள் துள்ளின. பழகிய பிறகு, சாறு வரப்போகிறது என்று காட்டும் விளக்குக்கே துள்ளின. சாறு வராமல் ஏமாற்றினால் அடங்கிப்போயின.

ஆக, ரசிப்பது வேறு, நாடுவது வேறு. அந்த எலிகளுக்கு உணவு பிடிக்காமல் போகவில்லை, அவை சோம்பேறிகளும் இல்லை. பார்க்கின்சன் நோயாளிகள் பலருக்கு எதிலும் நாட்டம் இல்லாமல் போவதும் நோயின் ஒரு பகுதியே. ஊக்கத்துக்கு டோபமைன் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாதுதான். ஆனாலும் முடங்கிக் கிடக்கும் ஒருவரை "உனக்கு அக்கறையே இல்லை" என்று திட்டும் முன், அந்த எலிகளை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்களேன்.