மரம் முந்தியா, கம்பி முந்தியா?

1885-ஆம் ஆண்டின் இந்தியத் தந்திச் சட்டத்தில் மரங்களுக்கென்றே ஒரு பிரிவு உண்டு. தந்திக் கம்பிக்கு அருகில் நிற்கும் மரம் செய்திப் போக்குவரத்துக்கு இடைஞ்சல் செய்தால், அதிகாரிகள் மாஜிஸ்திரேட்டிடம் மனுக் கொடுத்து அதை அகற்றச் செய்யலாம். கம்பி வருவதற்கு முன்பே மரம் அங்கே நின்றிருந்தால் மரத்துக்காரருக்கு இழப்பீடு தர வேண்டும் என்கிறது அந்த 18-ஆம் பிரிவு. தந்திக்குப் பின் மின்சாரம் வந்தது. 1910-இன் இந்திய மின்சாரச் சட்டம் இதே ஏற்பாட்டைத் தன்னுள் எடுத்துக்கொண்டது. 2003-இன் மின்சாரச் சட்டம் அதை 68-ஆம் பிரிவில் வைத்து, புதர், உயிர்வேலி, காட்டுச் செடி எல்லாவற்றையும் ‘மரம்’ என்ற சொல்லுக்குள் அடக்கியது. மரம் முந்தியா, கம்பி முந்தியா என்ற கேள்வி இப்படி நூறாண்டுகளுக்கு மேலாக நம் சட்டத்தில் நிலைத்திருக்கிறது. அது இழப்பீட்டு வழக்கைத் தீர்க்கும், உயிரைக் காக்காது. உயிரைக் காப்பது, ஆண்டுதோறும் தவறாமல், மரத்தின் இயல்பறிந்து கிளை கழிக்கும் தொழில்தான். அதை ஒரு தொழிலாக நாம் இன்னும் மதிக்கவில்லை.

தந்திக் கம்பியில் கிளை உரசினால் செய்தி தடைபடும், அவ்வளவுதான். மின்கம்பியில் உரசினால் விளைவு வேறு. மழையில் நனைந்த பச்சைக் கிளை மின்சாரத்தைக் கடத்தும். மரத்தைத் தொட்டவருக்கும் ஆபத்து, அதன் அடியில் கட்டிய மாட்டுக்கும் ஆபத்து. காய்ந்த தென்னை மட்டை இரண்டு கம்பிகளின் குறுக்கே விழுந்தால் தீப்பொறி பறக்கும். கம்பி அறுந்து வயலில் கிடக்கும். இந்த ஆபத்து படிப்படியாகத்தான் பரவியது. சென்னை மாகாணத்தின் நீர்மின் நிலையங்களில் பைக்காரா 1932-இலும், மேட்டூர் 1937-இலும், பாபநாசம் 1944-இலும் மின்சாரம் தரத் தொடங்கின. 1957-இல் மின்வாரியம் அமைந்தது. அதன்பின் கம்பிகள் ஊர் ஊராகப் பரவி, இன்று 20 லட்சத்துக்கும் மேற்பட்ட விவசாயப் பம்புசெட்டுகளை எட்டியிருக்கின்றன. அந்தக் கம்பிகள் வெற்று நிலத்தில் போகவில்லை. சாலையோரப் புளியமரங்களை ஒட்டியும், தென்னந்தோப்புகளை ஊடுருவியும், வேம்பு நிற்கும் தெருக்களின் வழியாகவும் போயின. பல இடங்களில் மரமே முந்தி நின்றது. ஆனால் முந்தி நின்ற மரமும் வளர்ந்துகொண்டே இருக்கிறது. ஒருமுறை இழப்பீடு கொடுத்து முடித்துவிடக்கூடிய சிக்கலாக இது ஒருநாளும் இருந்ததில்லை.

இந்த வேலையைத் தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்பதற்கு உலகறிந்த சான்று, நம் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்த அதே 2003-இல் அமெரிக்காவில் கிடைத்தது. ஆகஸ்டு 14 பிற்பகல், ஒஹாயோ மாநிலத்தில் 345 கிலோவோல்ட் கம்பிகள் மூன்று, 40 நிமிடங்களுக்குள் ஒன்றன்பின் ஒன்றாக மரங்களில் பட்டுச் செயலிழந்தன. மின்சாரம் பாயும்போது கம்பி சூடேறித் தொய்யும் என்பது தெரிந்த விஷயம். அதனால் அளவுக்கு மீறிய சுமைதான் காரணமாக இருக்கும் என்று தோன்றலாம். அமெரிக்க, கனடிய அரசுகளின் கூட்டு விசாரணை வேறு உண்மையைச் சொன்னது. முதலில் செயலிழந்த கம்பி தன் தாங்குதிறனில் பாதியைக்கூட அப்போது சுமக்கவில்லை. மற்ற இரண்டும் வரம்புக்குள்தான் இருந்தன. கம்பி அளவு மீறித் தொய்யவில்லை. மரம் அளவு மீறி வளர விடப்பட்டிருந்தது. கட்டுப்பாட்டு அறையின் எச்சரிக்கை அமைப்பு பழுதாகிக் கிடந்ததும் சேர்ந்துகொள்ள, சுமார் 5 கோடிப் பேர் இருளில் மூழ்கினர். அடுத்த மாதம் 28-ஆம் தேதி சுவிட்சர்லாந்து மலைப்பகுதியில் ஒரு கம்பி மரத்துக்கு மின்பாய்ச்ச, ஏறக்குறைய இத்தாலி முழுவதும் இருண்டது.

இதற்குப் பிறகுதான் அமெரிக்கச் சட்டம் மாறியது. 2005-இன் எரிசக்திச் சட்டத்தைத் தொடர்ந்து, பெரிய மின்பாதைகளை ஒட்டிய மரங்களைப் பராமரிப்பது கட்டாய விதியானது. தவறினால் கடும் அபராதம். இதில் கவனிக்க வேண்டியது, அங்கே அந்தத் தொழில் ஏற்கெனவே முதிர்ந்திருந்தது என்பது. 1928-இலேயே பென்சில்வேனியாவில் ஆஸ்ப்லண்ட் சகோதரர்கள் மூவர் கம்பிப் பாதையில் கிளை கழிப்பதற்கென்றே நிறுவனம் தொடங்கியிருந்தனர். அமெரிக்க வனத்துறையின் விஞ்ஞானி அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்காக அறுத்துப் பார்த்து, மரத்தின் காயம் நம் தோலைப் போல ஆறுவதில்லை, மரம் அதைச் சுற்றிச் சுவர் எழுப்பி ஒதுக்கிவிடுகிறது என்று நிறுவினார். கிளை தண்டோடு சேருமிடத்தில் உள்ள புடைப்பை விட்டுவிட்டு, அதை ஒட்டி வெட்டினால் அந்தச் சுவர் எளிதில் எழும். நடுக்கிளையில் மொட்டையாக வெட்டினால் அழுகல் உள்ளே இறங்கும். 1990-இல் மின்கம்பி ஓரத் தொழிலாளர்களுக்காகவே அவர் ஒரு கையேடு எழுதினார். சட்டம் கட்டாயத்தைத்தான் தந்தது. அறிவைத் தொழில் முன்பே சேர்த்து வைத்திருந்தது.

நம்மிடம் உழைப்பு இருக்கிறது, பயிற்சிதான் குறைவு. பராமரிப்பு நாளில் மின்சாரத்தை நிறுத்தி, ஏணியும் அரிவாளும் துறட்டியுமாக லைன்மேன்கள் வேகாத வெயிலில் கிளை கழிக்கிறார்கள். மரம் ஏறுவதும் வெட்டுவதும் அவர்களுடைய நூறு வேலைகளில் ஒன்று. குறிப்பிட்ட நேரத்துக்குள் மின்சாரம் திரும்ப வேண்டும் என்ற நெருக்கடியில் மரத்தின் தலை மொத்தமாகக் கழிக்கப்படுகிறது. அப்படி வெட்டிய இடத்தில் கொத்துக் கொத்தாகத் தளிர் கிளம்பும். அவை பட்டைக்கு அடியில் மேலோட்டமாகப் பற்றியவை, வேகமாக நீள்பவை, காற்றில் எளிதில் ஒடிபவை. மொட்டையடித்த மரம் விரைவிலேயே மீண்டும் கம்பியைத் தொடும். முன்பைவிட ஆபத்தாகத் தொடும். தென்னைக்கும் பனைக்கும் இந்த வழியும் இல்லை. அவற்றுக்கு ஒரே குருத்துதான். தலையை வெட்டினால் மரமே போய்விடும். அவற்றைக் கம்பிக்குக் கீழே நடாமல் இருப்பதுதான் வழி.

கம்பிகளையெல்லாம் மண்ணுக்குள் புதைத்துவிட்டால் போதாதா என்று கேட்கலாம். நெரிசலான நகரத் தெருக்களில் அது சரியான தீர்வு. பம்புசெட்டுவரை நீளும் ஊரகப் பாதைகளில் செலவு பல மடங்காகும். பள்ளம் தோண்டும்போது பக்கவேர்கள் அறுபட்டால், கம்பிக்குத் தப்பிய மரம் காற்றுக்குச் சாயும். மரத்தையே வெட்டிவிடலாமே என்போருக்கு, நம் வெயிலில் நிழல் ஆடம்பரமல்ல என்பதே பதில். 2016-இன் வர்தா புயலும் 2018-இன் கஜா புயலும் வேரோடு சாய்த்த மரங்களைக் கிளை கழித்தல் காப்பாற்றியிருக்குமா என்பது வலுவான கேள்வி. பெரும் புயலுக்கு முன் இந்தத் தொழிலின் ஆற்றல் குறைவுதான்; ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் புயல் ஆண்டின் சில நாள். சாதாரண மழையும் காற்றும் மற்ற நாளெல்லாம். ஒஹாயோவில் அன்று புயல் எதுவும் இல்லை.

ஆகவே முந்தியது எது என்ற வழக்கைச் சட்டப் புத்தகத்தில் விட்டுவிடுவோம். மின்பாதை ஒவ்வொன்றுக்கும் மரங்களின் கணக்கும், மழைக்கு முன் கிளை கழிக்கும் முறையான சுற்றும், அதற்கெனப் பயிற்சி பெற்று உரிய பாதுகாப்புக் கருவிகளோடு வேலை செய்யும் குழுவும் வேண்டும். குடிமக்களுக்கும் இதில் பங்குண்டு. கம்பிக்குக் கீழே உயர்ந்து வளரும் மரத்தை நடாதீர்கள். கம்பியை உரசும் கிளையை நீங்களே வெட்டாதீர்கள். மின்வாரிய அலுவலகத்துக்குச் சொல்லி, மின்சாரத்தை நிறுத்திய பிறகு அவர்கள் வெட்டட்டும்.