மறதியும் அழிவும்: பழைய தனிநபர்க் கணினிகளின் அமைவுப் பிழைகள் குறித்து ஒரு வரலாற்று நோக்கு

தையற்பொறியோ அச்சுப்பொறியோ தன் உறுப்புகள் இவையென அறிந்துகொண்டு இயங்கத் தொடங்குவதில்லை. கணினியின் நிலை வேறு. தன்னோடு இணைக்கப்பட்ட நினைவகத்தின் அளவு யாது, தட்டு இயக்கிகள் எத்தனை, திரை எவ்வகையது என்பனவற்றை அது முதலில் அறிந்தாதல் வேண்டும். இவ்வறிவு எங்கே வைக்கப்பட்டிருந்தது என்னும் வினாவே, பழைய தனிநபர்க் கணினிகளில் தோன்றிய அமைவுப் பிழைகளை விளங்கிக்கொள்வதற்குத் திறவுகோலாகும்.

1981 ஓகஸ்ட் 12ஆந் திகதி ஐ.பி.எம். நிறுவனம் அறிமுகஞ் செய்த தனிநபர்க் கணினியில் இவ்வறிவு சிற்றாளிகளிலே தங்கியிருந்தது. தாய்ப்பலகையில் எட்டெட்டாக இரு தொகுதிகளாய் அமைந்த 16 ஆளிகளின் மேல் கீழ் நிலைகளைக் கொண்டே கணினி தன் உறுப்புகளை அறிந்தது. மின் பாய்ந்ததும், சில்லினுள் நிலையாகப் பதிக்கப்பட்ட நிரலாகிய நிலைபொருள் ஒரு தன்சோதனையை நிகழ்த்தும். திரை தொடர்பான குறையாயின் ஒரு நெட்டொலியும் இரு குற்றொலிகளும் எழும். விசைப்பலகையிற் குறையாயின் 301 என்னும் எண் தோன்றும். ஆளியைத் தவறாக வைத்தவர் மேலுறையைக் கழற்றி அதனைக் கண்ணாற் கண்டு திருத்தலாம். இம்முறை தொல்லை மிக்கதாயினும் ஆளிகள் எதனையும் மறப்பதில்லை.

1984 ஓகஸ்டில் வெளிவந்த ஐ.பி.எம். ஏ.டி. என்னும் கணினியோடு நிலைமை மாறிற்று. நேரங்காட்டும் மோட்டொரோலாச் சில்லொன்று அதில் இடம்பெற்றது. அச்சில்லின் 64 பைற் நினைவகத்துள் 14 பைற் கடிகாரத்துக்கு உரியவை. எஞ்சிய 50 பைற்றுகளிலே கணினியின் அமைவுக் குறிப்புகள் எழுதப்பட்டன. மின் நிறுத்தப்பட்ட வேளையில் இந்நினைவைக் காத்தது ஓர் இலிதிய மின்கலமாகும். இவ்வாறாக, பொறி தன்னைப் பற்றிக் கொண்டிருந்த அறிவு, என்றோ ஒருநாள் தீர்ந்துபோகும் மின்கலமொன்றின் ஆயுளோடு பிணைக்கப்பட்டது.

மின்கலம் வலுவிழந்ததும் திரையிலே எண்கள் தோன்றின. 161 மின்கலத்தின் குறையைச் சுட்டும். குறிப்பிட்ட 30 பைற்றுகளின் கூட்டுத்தொகை முன்னர் எழுதி வைத்த தொகையோடு ஒவ்வாவிடினும், குறிப்பு உண்மையான உறுப்புகளோடு முரண்படினும் 162 தோன்றும். 163 நேரமும் திகதியும் பிழையென்பதையும், 164 நினைவக அளவு மாறுபட்டதென்பதையும் அறிவிக்கும். இவற்றுட் பல ஒருங்கே தோன்றுமிடத்து ஒவ்வொன்றையுந் தனி நோயெனக் கருதுதல் தவறாகும். மின்கலம் ஓய்ந்தமை என்னும் ஒரே காரணத்தின் வெவ்வேறு வெளிப்பாடுகளாகவே அவை பெரும்பாலும் அமைந்தன. புதிய மின்கலத்தை இடுவது மாத்திரம் போதாது. மறந்தவற்றை மீண்டும் எழுதுதலும் வேண்டும். எழுதுதற்குரிய நிரலோ தனியான நெகிழ்தட்டொன்றில் இருந்தது. அத்தட்டைத் தொலைத்தவர் செய்வதறியாது நின்றார். பின்னர் ஏ.எம்.ஐ., அவோட், பீனிக்ஸ் முதலியோரின் நிலைபொருள்கள் அமைவு நிரலைத் தம்முள்ளேயே கொண்டு இக்குறையை நீக்கின.

யாவற்றினும் இடர் மிக்கது வன்தட்டின் வகையெண்ணாகும். வன்தட்டின் உருளைகள், தலைகள் ஆகியவற்றின் தொகை நிலைபொருளில் அட்டவணையாக இருந்தது. ஏ.டி.யின் தொடக்க அட்டவணையில் 14 வகைகளே காணப்பட்டன. 615 உருளைகளும் 4 தலைகளும் கொண்ட 20 மெகாபைற் தட்டு இரண்டாம் வகையைச் சார்ந்தது. மின்கலம் ஓய்ந்ததும் இவ்வெண் மறைந்துவிடும். வன்தட்டிலுள்ள ஆவணங்களோ ஒரெழுத்தும் குறையாது அவ்வாறே இருக்கும். எனினும் கணினி அத்தட்டையே காணமாட்டாது. தட்டுப் பழுதுற்றதெனக் கருதி அதனை மீள வடிவமைத்தவர், அழியாதிருந்ததைத் தம் கையாலேயே அழித்தவராவார். வகையெண்ணைப் பிழையாக இட்டு எழுத முற்பட்டவர்க்கும் இந்நிலையே நேரும். ஆதலின் அவ்வெண்ணைக் காகிதத்தில் எழுதிக் கணினியின் உறையிலே ஒட்டிவைத்தமை அனுபவம் மிக்கோரின் வழக்கமாயிற்று.

பிற்காலத்து மாற்றங்கள் புதிய இடர்களையுங் கொணர்ந்தன. மீளவேற்றத்தக்க நிக்கல்-கட்மியம் மின்கலங்கள் தாய்ப்பலகையிலேயே பற்றவைக்கப்பட்டன. ஆண்டுகள் செல்ல அவற்றினின்று கசிந்த காரம் செப்புத் தடங்களை அரித்தது. டலஸ் நிறுவனத்தின் சில்லில் மின்கலம் பிசினுள் மூடப்பட்டிருந்தமையால் அதனை மாற்ற வழியில்லாது போயிற்று. இன்று பழங்கணினிகளைப் பேணுவோர் அப்பிசினைத் தேய்த்து வெளியிலிருந்து மின்கலத்தைத் தொடுக்கின்றனர். 1990களில் வன்தட்டுகள் தம் அளவைத் தாமே கணினிக்கு உரைக்கும் முறை பரவியதும் வகையெண்ணின் தொல்லை படிப்படியாக ஒழிந்தது.

இவ்வரலாறு உணர்த்தும் உண்மை ஒன்றுண்டு. மறக்கப்பட்டது வேறு, அழிந்தது வேறு. பொறி ஒன்றைக் காணவில்லையென்று கூறின், அப்பொருள் இல்லையென்பது முடிபாகாது. இவ்வேறுபாட்டை உணர்ந்து பொறுமையோடு காரணத்தைத் தேடியவரே ஆவணங்களைக் காத்தனர். உணராதவர் தாமே அவற்றை அழித்தனர்.