கியருக்கு ஏன் பூட்டு?

இன்றைய ஆட்டோமேட்டிக் கார்களில் பிரேக்கை மிதிக்காமல் கியரை 'பார்க்' நிலையிலிருந்து நகர்த்த முடியாது. இதற்குப் பின்னே ஒரு வரலாறு உண்டு.

1980களில் அமெரிக்காவில் ஆடி 5000 கார்கள் தாமாகவே பாய்வதாகப் புகார்கள் குவிந்தன. உயிர்களும் போயின. 1986-ல் சிபிஎஸ் தொலைக்காட்சி இதை ஒளிபரப்ப, விற்பனை சரிந்தது. 1987-ல் அந்தக் கார்கள் திரும்ப அழைக்கப்பட்டு, பிரேக்குடன் கியரைப் பிணைக்கும் பூட்டு பொருத்தப்பட்டது. பிரேக் என்று நினைத்து ஆக்சிலரேட்டரை மிதித்ததே பெரும்பாலும் காரணம் என்றது 1989-ல் வந்த அரசு ஆய்வு. பழி காருக்கு, பிழை காலுக்கு! ஆனாலும் பூட்டு நிலைத்தது. 2010 செப்டம்பர் முதல் தயாரான கார்களுக்கு அமெரிக்கா அதைக் கட்டாயமாக்கியது.

கியர் 'பார்க்'கில் சிக்கிக்கொண்டால், முதலில் பிரேக் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். பல கார்களில் விளக்குக்கும் பூட்டுக்கும் ஒரே சுவிட்ச்தான்.